வெந்நீர் அடுப்புக்கு இடம் கொல்லைப்புறம்தான்

நவம்பர் பாதி தாண்டியாச்சு. காஜியாபாத்ல ஸ்வெட்டர் இல்லாம காலையில பால் வாங்கப் போக முடியல. இனிமே பிப்ரவரி கடைசி வரைக்கும் இந்தப் பக்கம் இருக்கிற நம்ம ஜனங்க வீட்ல முதல் கவலை வெந்நீர்தான். அதனால இந்தப் பதிவும் வெந்நீரைப் பத்தித்தான்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். கேஸ் கீசர் குளிக்கிற ரூமுக்குள்ள இருக்கக் கூடாது. ஜன்னல் இருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கு, பிராண்டட் கீசர்னு எந்தச் சமாதானமும் இதுக்கு எடுபடாது. உங்க வாடகை வீட்ல அது உள்ள மாட்டியிருந்தா வெளிய மாத்தச் சொல்லுங்க. மாத்த மாட்டேன்னா கேஸ் வால்வை மூடிட்டு எலெக்ட்ரிக் கீசரோ, ஒரு பக்கெட்டும் அடுப்புமோ வெச்சுச் சமாளிங்க. இதுதான் என் கட்சி. ஏன்னு கீழே சொல்றேன்.

நம்ம ஊர்ல பிறந்து வளர்ந்தவங்களுக்கு கேஸ் கீசர் அவ்வளவா பழக்கம் கிடையாது. சென்னையில டிசம்பர்ல ஒரு மாசம் குளிச்சா பெரிசு. அதுக்கு ஒரு எலெக்ட்ரிக் கீசர் போதும். அதுக்கு முந்தின தலைமுறையில தஞ்சாவூர்ப் பக்கம் எங்க பாட்டி வீட்ல கொல்லைப்புறத்துல ஒரு கோட்டை அடுப்பு, அதுமேல கரி பிடிச்ச தவலை. விறகு, தென்னமட்டை, வரட்டி, எது கிடைச்சாலும் போட்டு எரிப்பாங்க. தண்ணி கொதிச்சதும் மொண்டு பக்கெட்ல ஊத்தி உள்ள எடுத்துட்டு வருவாங்க. நெருப்பு வெளிய, குளியல் உள்ள. பாட்டிக்கு கார்பன் மோனாக்ஸைடு பத்தித் தெரியாது. புகை கண்ணைக் கரிக்கும், அது தெரியும். அதனால அடுப்பு வெளிய இருந்துது.

கேஸ் கீசர் அந்த அடுப்புதான். பெயிண்ட் அடிச்சு, சுவத்துல மாட்டி, குழாயோட இணைச்சிருக்காங்க, அவ்வளவுதான். கண்ணைக் கரிக்கிற புகை இல்லாததால அதைக் குளிக்கிற இடத்துக்குள்ளயே கொண்டு வந்துட்டோம்.

கொஞ்சம் கணக்கு

நான் பி.காம். கெமிஸ்ட்ரியை பிளஸ் டூவுக்கு முன்னாடியே விட்டாச்சு. ஆனா கணக்கு போடறது நம்ம தொழில்.

கடையில சாதாரணமா விக்கிற கேஸ் கீசர் நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணி சூடு பண்ணும். முழு வேகத்துல எரிஞ்சா மணிக்கு சுமார் 1 கிலோ எல்பிஜி ஆகும். சமையல் அடுப்புல பெரிய பர்னர் நாலஞ்சை ஒரே நேரத்துல ஃபுல்லா எரிச்ச மாதிரி.

1 கிலோ எல்பிஜி ஒழுங்கா எரிய சுமார் 12,000 லிட்டருக்கு மேல காற்று வேணும். அப்ப 10 நிமிஷக் குளியலுக்கு 2,000 லிட்டர் காற்று. ஃபிளாட்ல பாத்ரூம் எவ்வளவு பெரிசு? அஞ்சுக்கு ஏழு அடி, உயரம் எட்டு அடின்னு வெச்சுக்குவோம். 280 கன அடி. லிட்டர்ல சொன்னா ஏறக்குறைய 8,000.

ஆக, கதவையும் ஜன்னலையும் மூடிட்டு 10 நிமிஷம் குளிச்சா அந்த ரூமோட காத்துல கால்வாசியை கீசரே எடுத்துக்குது. 20 நிமிஷம்னா பாதி. கதவு இடுக்கு வழியா கொஞ்சம் காற்று வரும், ஒத்துக்கறேன். ஆனா குளிர் காலத்துல நாம முதல்ல பண்ற காரியமே அந்த இடுக்கையெல்லாம் அடைக்கிறதுதானே? வென்டிலேட்டர்ல பழைய பேப்பரைச் சொருகாத வீடு இந்த ஊர்ல எத்தனை இருக்கு?

காத்துல ஆக்ஸிஜன் குறையக் குறைய கேஸ் முழுசா எரியாது. அரைகுறையா எரிஞ்சா வர்றது கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, இருமல் வராது. எல்பிஜி கசிஞ்சா நாத்தம் வரணும்னே அதுல ஒரு வாசனைப் பொருளைக் கலக்குறாங்க. எரிஞ்சு முடிஞ்சு வர்ற வாயுவுல அந்த நாத்தமும் இருக்காது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிச்சுக்கறதைவிட இதை 200 மடங்குக்கு மேல இறுக்கமாப் பிடிச்சுக்கும். மூச்சு விட்டுக்கிட்டே இருப்போம், ஆனா உடம்புக்கு ஆக்ஸிஜன் போகாது. தலை கனக்கும், குமட்டும், கால் துவண்டு போகும். "என்னமோ மாதிரி இருக்கே"ன்னு தோணும்போது தாழ்ப்பாளைத் திறக்கக் கை எழும்பாது. இதுதான் இதுல பயங்கரம்.

2023 மார்ச்ல ஹோலி சமயத்துல மும்பை காட்கோபர்ல ஒரு தம்பதி, எங்க மாவட்டத்துலயே முராத்நகர்ல ஒரு தம்பதி, ரெண்டு ஜோடியும் பாத்ரூம்ல இறந்து கிடந்தாங்க. ரெண்டுலயும் கேஸ் கீசர் மேலதான் சந்தேகம்னு பேப்பர்ல வந்துது. ஹோலிக்கும் கீசருக்கும் என்ன சம்பந்தம்? கலர் போகணும்னா ரொம்ப நேரம் தேய்ச்சுக் குளிக்கணும்.

இங்கதான் நம்ம வீட்டை நினைச்சுப் பாருங்க. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தலைமுடி நீளமா இருக்கிற பொண்ணு சீயக்காய் போட்டு அலச எவ்வளவு நேரம் ஆகும்? தீபாவளிக்கு விடியக்காலை மூணரை மணிக்கு ஆரம்பிச்சு ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், அதே பாத்ரூம், ஜன்னல் மூடி. முதல் ஆளுக்கு ஒண்ணும் ஆகாது. நாலாவதா போற ஆளுக்கு மூணு பேர் எரிச்ச காத்துதான் மிச்சம். பெரும்பாலும் அந்த நாலாவது ஆள் வீட்டு அம்மாதான். எல்லாருக்கும் எண்ணெய் வெச்சு விட்டுட்டு கடைசியில போறது அவங்கதானே.

மார்கழிக்கு ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருப்பாங்க. எழுபது வயசு, இதயத்துக்கு மாத்திரை. குளிருதுன்னு கதவை இறுக்கிச் சாத்திக்குவாங்க. இதய நோயாளிகளுக்கும், வயித்துப் பிள்ளைக்காரிகளுக்கும், குழந்தைகளுக்கும் இந்த வாயு இன்னும் மோசம்.

பதில் தயாரா இருக்கணும்

வெளிய மாத்தச் சொன்னா வீட்டுக்காரர் என்னென்ன சொல்வார்னு எனக்கு மனப்பாடம். மூணு ஊர் மாற்றல் பாத்தாச்சு.

"தஸ் சால் ஸே லகா ஹை, குச் நஹீ ஹுவா." பத்து வருஷமா மாட்டியிருக்கு, ஒண்ணும் ஆகலையாம். பத்து வருஷம் ஒழுங்கா தவணை கட்டின பார்ட்டி பதினோராவது வருஷம் கைவிரிச்சதை பேங்க்ல நாங்க பாக்காததா? பழைய ரெக்கார்டு செக்யூரிட்டி ஆகாது. எங்க கணக்குப்படி 90 நாள் பாக்கி நின்னாதான் என்பிஏ. இங்க அவ்வளவு அவகாசம் கிடையாது.

"எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கே." நிறைய வீட்ல கேஸ் கீசர் வாங்கினதே கரெண்ட் போனாலும் வெந்நீர் வரும்னுதான். கரெண்ட் போனா ஃபேனும் போச்சு, கீசர் மட்டும் எரியும். கரெண்ட் இருந்தாலும் வெளியேர்ந்து காற்று உள்ள வர வழி இல்லாம ஃபேன் மட்டும் இழுத்தா, கீசர் தலை வழியா வர்ற எரிஞ்ச வாயுவை ரூமுக்குள்ளயே இழுத்து விட வாய்ப்பு இருக்கு.

"புது மாடல் சார், 20 நிமிஷத்துல தானா அணைஞ்சிடும்." மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்க. 20 நிமிஷத்துல பாதி ரூம் காலி. அடுத்த ஆள் போய் குழாயைத் திறந்தா டைமர் திரும்ப முதல்லேர்ந்து.

"ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க." ஜனவரில அஞ்சு டிகிரியில, ஈர உடம்போட? அவரும் திறக்க மாட்டார், நாமும் திறக்க மாட்டோம். மனுஷன் கண்டிப்பா கடைப்பிடிக்க மாட்டான்னு தெரிஞ்ச ஒரு விதியை நம்பி உயிரை வைக்க முடியாது.

"வெளிய மாட்டினா சூடு வர லேட்டாகும், தண்ணி வீணாகும்." இது நிஜம். குழாய் நீளமானா முதல்ல அரை பக்கெட் பச்சத்தண்ணி வரும். அதைப் பிடிச்சு வெச்சு துணி அலசலாம்.

நியூ ஜெர்சியில ஒரு காகிதம்

என் மச்சினன் நியூ ஜெர்சியில இருக்கான். அங்க வீடு முழுக்கச் சூடு பண்ண கேஸ் ஃபர்னேஸ். ஒரு பெரிய பீரோ சைஸ்ல பேஸ்மென்ட்ல நிக்கும். அதுவும் இதே மாதிரி கேஸை எரிக்கிற சாதனம்தான். ஆனா எரிஞ்ச வாயு தனிக் குழாய் வழியா வீட்டுக்கு வெளிய போயிடும். வீட்டுக்குள்ள சுத்துற காற்று வேற, அடுப்புல எரியற காற்று வேற. நடுவுல இருக்கிற இரும்புத் தடுப்புல விரிசல் விழுந்திருக்கா, புகைக்குழாய்ல பறவைக் கூடு அடைச்சிருக்கான்னு வருஷா வருஷம் குளிருக்கு முன்னாடி ஆளைக் கூப்பிட்டுப் பாக்கறாங்க. படுக்கை அறை பக்கத்துல கார்பன் மோனாக்ஸைடு அலாரம் மாட்டியிருக்கு.

அந்த மாநிலத்துல தனி வீடு கைமாறும்போதும், வாடகைக்கு ஆள் மாறும்போதும், புகை அலாரமும் இந்த அலாரமும் சரியா இருக்குன்னு ஒரு சான்றிதழ் வாங்கணும். அது இல்லாம புது ஆள் குடியேற முடியாது.

எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. காரணம், ஆள் மாறுற அந்த ஒரு நாள்தான் எல்லாரும் வீட்டைக் கண் திறந்து பாக்கற நாள். குடிவந்து ஒரு மாசம் ஆச்சுன்னா அந்தக் கீசர் சுவத்தோட சுவரா ஆயிடும்.

நான் பாத்த வாடகை ஒப்பந்தம் எதுலயும் அப்படி ஒரு வரி கிடையாது. பேங்க் லீஸ் எடுத்துத் தர்ற வீட்டுக்கும் அதே கதைதான். கடைசிப் பக்கத்துல பட்டியல் இருக்கும். ஃபேன் 5, டியூப்லைட் 6, கீசர் 1. அந்தக் கீசர் எங்க தொங்குதுன்னு கேக்க அதுல கட்டம் கிடையாது.

அந்தக் கட்டத்தை நாமதான் போடணும். லோன் கொடுக்கறதுக்கு முன்னாடி நேர்ல போய்ப் பாக்கறதை ப்ரீ-சாங்ஷன் இன்ஸ்பெக்ஷன்னு சொல்லுவோம். வீடு பாக்கப் போறதும் அதுதான். அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரருக்கு நம்ம தயவு வேணும். கொடுத்த பிறகு நமக்கு அவர் தயவு வேணும். அதனால பேச்சை முன்னாடியே முடிங்க. இங்க வீடு பாத்தப்போ நான் சொன்னது ஒரே வரி: "கீசரை பால்கனிக்கு மாத்திக் கொடுங்க, அன்னிக்கே அட்வான்ஸ்." முணுமுணுத்தார். மதராஸிங்க எல்லாத்துக்கும் பயப்படுவாங்கன்னு சிரிச்சார். ஒரு பிளம்பர், அரை நாள், சுவத்துல ஒரு ஓட்டை, சில மீட்டர் சிபிவிசி குழாய். முடிஞ்சுது.

நம்ம ஆட்கள்கிட்ட ஒரு குணம் உண்டு. வந்த ஊர்ல எதுக்கு வம்பு, மூணு வருஷத்துல மாற்றல் வரப் போகுதுன்னு பேசாம இருந்துடுவோம். பாஷை வேற தடுமாறும். தண்ணி வரலைன்னா, லிஃப்ட் வேலை செய்யலைன்னா பொறுத்துக்கலாம். இதுல பொறுத்துப் போறதுக்கு ஒண்ணும் இல்லை. முக்கியமா நொய்டா, குருகிராம் பக்கம் வேலைக்கு வந்து நாலு பேரா சேர்ந்து ரூம் எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிங்களே, உங்களுக்கு யாரும் வந்து பாத்துச் சொல்ல மாட்டாங்க. நீங்களே போய்ப் பாருங்க.

வெளிய மாட்டினாலும் கவனிக்க வேண்டியது

1. பால்கனின்னா திறந்த பால்கனி. கண்ணாடி அடைச்ச பால்கனி இன்னொரு ரூம்தான். படுக்கை அறை ஜன்னலுக்கு நேர் கீழயும் வேணாம், எரிஞ்ச வாயு அந்த வழியா உள்ள வரும்.

2. எல்பிஜி கீசரை அப்படியே பிஎன்ஜி குழாய்ல மாட்டக் கூடாது. ரெண்டுக்கும் அழுத்தம் வேற, ஜெட் ஓட்டையோட அளவு வேற. பிஎன்ஜி இணைப்பு தர்ற கம்பெனி ஆள்தான் பாயின்ட் தரணும். தெரு முனை ஆள் டீ ஜாயின்ட் போட்டு சமையல் அடுப்பு டியூப்லேர்ந்து இழுத்தா வேணாம்னு சொல்லுங்க.

3. சிலிண்டர் நிமிர்ந்து நிக்கணும், காத்தோட்டமா இருக்கணும். எல்பிஜி காத்தைவிட கனம். கசிஞ்சா கீழ தேங்கும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள சுரக்ஷா டியூப், அதுல போட்டிருக்கிற தேதிக்குள்ள மாத்தணும். கசிவு பாக்க சோப்புத் தண்ணி போதும், தீக்குச்சி வேணாம்.

4. வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னாடி, சர்வீஸ். ஜுவாலை நீலமா இருக்கணும். மஞ்சளா, ஆடிக்கிட்டு எரிஞ்சா, மேல்பக்கம் கரி படிஞ்சிருந்தா, நிறுத்திட்டு ஆளைக் கூப்பிடுங்க. உள்ள இருக்கிற செம்புத் தகடுகள்ல கரி அடைச்சா எரியறது இன்னும் மோசமாகும். இந்த ஊர் உப்புத் தண்ணிக்கு குழாயும் அடைக்கும். பேட்டரி மாத்தறதை மட்டும் சர்வீஸ்னு சொல்லி பில் கொடுத்தா ஒத்துக்காதீங்க. மூடியைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க.

5. பாத்ரூம்ல உள்பக்கம் மட்டும் போடற தாழ்ப்பாளுக்குப் பதிலா, வெளியேர்ந்தும் சாவியில திறக்கற பூட்டு போடுங்க. எலெக்ட்ரிக் கீசர் வீட்டுக்கும் இது நல்லது.

அப்படியும் ஆச்சுன்னா

குளிக்கப் போனவங்ககிட்டேர்ந்து சத்தம் இல்லைன்னா காத்திருக்காதீங்க. கதவை உடைங்க. கேஸை மூடுங்க, ஜன்னலைத் திறங்க, ஆளை வெளிய காத்துக்கு இழுங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு போயிட்டு உடனே வாங்க, உள்ள நின்னா நீங்களும் விழுவீங்க. 112ஐக் கூப்பிடுங்க. கேஸ் நாத்தம் வந்தா அது வேற விஷயம், சுவிட்ச் எதையும் தொடாம வெளிய வந்து 1906.

ஆஸ்பத்திரியில முதல் வார்த்தையே "கேஸ் கீசர்" ஆக இருக்கட்டும். இதைச் சொல்லக் காரணம் இருக்கு. கோவிட் சமயத்துல நாம எல்லாம் வாங்கி வெச்ச அந்த விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டர், கார்பன் மோனாக்ஸைடு ஏறின ரத்தத்தையும் ஆக்ஸிஜன் ஏறின ரத்தம்னே காட்டும். 98 காட்டுதேன்னு ஆறுதல் அடைஞ்சுடாதீங்க. ரத்தப் பரிசோதனைதான் வழி, ஆக்ஸிஜன்தான் மருந்து. சாதாரணக் காத்துல இந்த வாயு ரத்தத்துல பாதியா குறையவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். முழு ஆக்ஸிஜன் வெச்சா ஒண்ணு, ஒண்ணரை மணி.

இன்னொண்ணு. பாத்ரூம்ல மயங்கி விழுந்து வலிப்பு மாதிரி வந்தா, காக்கா வலிப்புன்னு முடிவு கட்டி வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட வெச்சுடலாம். காரணம் கீசரா இருக்கலாம்னு நம்ம நாட்டு நரம்பியல் டாக்டர்கள் 2000களின் பிற்பகுதியிலேர்ந்து எழுதிக்கிட்டு வராங்க. "வீட்ல கேஸ் கீசர் இருக்கா?"ன்னு டாக்டர் கேக்க மறந்தா நீங்க சொல்லுங்க.

கேஸ் கீசரைத் தடை பண்ணணும்னு நான் சொல்லல. கரெண்ட் நம்ப முடியாத ஊர்ல, வயரிங் தாங்காத பழைய வீட்ல அது நல்ல சாமான். திறந்த வெளியில மாட்டி, ஒழுங்கா சர்வீஸ் பண்ணினா பத்து வருஷம் உழைக்கும். எங்க பால்கனியில ஒண்ணு இருக்கு. குளிக்கும்போது அதோட சத்தம் மட்டும் தூரத்துல கேக்கும்.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. உங்க பாத்ரூம்ல மட்டும் இல்ல, பக்கத்து பிளாக்ல புதுசா குடிவந்த நம்ம ஊர்க் குடும்பம் இருந்தா அங்கயும் ஒரு எட்டு போய் காபி குடிச்சிட்டு, "கீசர் எங்க மாட்டியிருக்கீங்க?"ன்னு கேட்டுட்டு வாங்க.

டிஸ்கி: நான் எஞ்சினியரும் இல்ல, டாக்டரும் இல்ல. மாட்டறதும் கழட்டறதும் தெரிஞ்ச ஆளை வெச்சுத்தான் பண்ணணும். இந்தப் பதிவைப் படிச்சிட்டு ஸ்பானரை எடுத்துடாதீங்க, சாமி.